செம்புக் கருவியா, சொரண்டியா? களை எடுப்போர் கேட்க வேண்டிய கேள்விகள்

அண்மைக் காலமாக நமது லயங்களில் செம்புக் கருவி பற்றிய பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காட்டும் காணொளிகளில் வெளிநாட்டுக்காரர்கள் பொன்னிறமாக மின்னும் மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் தோட்டம் செய்கிறார்கள். இரும்பு பட்டால் மண் செத்துவிடும், செம்பு பட்டால் மண் உயிர்க்கும் என்கிறார்கள். செம்பால் களை எடுத்தால் நத்தை வராது, பயிர் செழிக்கும் என்கிறார்கள். வீட்டுத் தோட்டம் போடும் நமது இளைஞர்கள் சிலர், "இது உண்மையா? உண்மை என்றால் சங்கம் இதைக் கேட்டுப் பெற்றுத்தரக் கூடாதா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. இந்த நாட்டில் களை எடுப்பதைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் இல்லை. பாட்டன் பாட்டி காலம் தொட்டு மலையில் புல் வெட்டியவர்கள் நாம். ஆனாலும் எந்தக் கருவி நல்லது என்று இதுவரை எவரும் நம்மிடம் கேட்டதில்லை. ஆகவே இதை விரிவாகவே பேசுவோம்.

செம்பைப் பற்றிச் சொல்லப்படுவதில் எது உண்மை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். காணொளியில் வருவது பெரும்பாலும் தனிச் செம்பு இல்லை. தனிச் செம்பு மென்மையானது, கல்லில் பட்டால் வளைந்துவிடும். அதனால் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து வார்க்கிறார்கள். வெள்ளீயம் சேர்ந்த செம்பைத்தான் நாம் வெண்கலம் என்கிறோம். நமது கோயில் மணியின் உலோகம் அது.

இந்தக் கருவிகளைப் பரப்பியவர்கள் ஒஸ்திரிய நாட்டு வனப் பாதுகாவலர் விக்டர் ஷௌபெர்கர் என்பவரின் பெயரைச் சொல்வார்கள். 1885 முதல் 1958 வரை வாழ்ந்தவர். இரும்புக் கலப்பை மண்ணின் ஈரத்தைக் கெடுக்கிறது, செம்பு அதைக் காக்கிறது என்பது அவரது எண்ணம். இன்றுவரை இதை விஞ்ஞானம் ஏற்கவில்லை. செம்புக் கொத்தால் கிளறிய பாத்தியில் விளைச்சல் கூடும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

அதற்காக அந்தக் கருவி குப்பை என்று சொல்ல வரவில்லை. அதற்கு உண்மையான நன்மைகள் இரண்டு உண்டு. ஒன்று, துருப்பிடிக்காது. மழை விடாமல் பெய்யும் நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு, வழுவழுப்பாக இருப்பதால் ஈரக் களிமண் அதிகம் ஒட்டாது. குறையும் இரண்டு உண்டு. உருக்கைவிட மென்மையானதால் கல் நிறைந்த மலையில் முனை சீக்கிரம் மழுங்கும். மேலும், இறக்குமதியாகி வந்தால் ஒரு சின்னக் கைக்கொத்தே நமது பல நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். அடுப்பு எரிவதற்கே கணக்குப் பார்க்கும் வீட்டில் அந்தக் காசைச் செம்பில் போடுங்கள் என்று நாம் எவருக்கும் சொல்ல மாட்டோம்.

நல்ல உருக்கில், பழைய லொறி வில் தகட்டில் அடித்த சொரண்டி ஒன்றை எண்ணெய் தடவி, ஈரம் துடைத்து, கூர் பார்த்து வைத்தால் அது பல வருடம் உழைக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும்.

செம்பு நமது மலைக்குப் புதிதில்லை

இன்னொன்றையும் நமது பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பிடித்தது. இளங்கொழுந்தில் கொப்புளம் எழுந்து இலை கருகும் நோய் அது. அதைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்துகள் அடிக்கப்பட்டன. மழைக் காலத்தில் கொழுந்து எடுத்த நமது தாய்மார் அந்த நீலப் பச்சைத் தூளை அறிவார்கள். எனவே மலையக மண்ணில் செம்பு இல்லாமல் இல்லை. செம்பு மக்கிப்போகும் பொருளும் இல்லை. போட்டது மேல்மண்ணில் தங்கும். அளவு மீறினால் மண்புழுவுக்குக் கெடுதல்.

ஒரு மண்வெட்டி தேய்ந்து மண்ணில் சேரும் செம்பு மிகச் சொற்பம். அதனால் நன்மையும் இல்லை, பயப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் "செம்பு மண்ணுக்கு மருந்து" என்று எவராவது தூளோ தண்ணீரோ விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மண்ணைக் கொண்டுபோனது எது?

கருவியின் உலோகத்தைவிட அதைப் பிடிக்கும் முறைதான் மண்ணைக் காக்கிறது அல்லது கெடுக்கிறது. இதை நம் மலைகளே சொல்கின்றன.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலை துடைத்துவைத்த வாசல் மாதிரி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு புல் தெரிந்தாலும் கங்காணிக்கு ஏச்சு, கங்காணியிடமிருந்து நமக்கு ஏச்சு. சொரண்டியால் மண்ணோடு சேர்த்துச் சுரண்டினோம். அடுத்த மழை, இளகிய மேல்மண்ணை அள்ளிக்கொண்டு கானுக்குப் போனது, கானிலிருந்து ஆற்றுக்குப் போனது. மகாவலி மேல்நிலத் தேயிலை மலைகளிலும் மரக்கறி, புகையிலை நிலங்களிலும் இருந்து கழுவப்பட்ட மண்தான் பொல்கொல்லை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களில் போய் நிறைந்தது. இன்று பல மலைகளில் தேயிலை வேர் வெளியே தெரிய நிற்கிறது. "தேயிலை கிழடாகிவிட்டது, விளைச்சல் இல்லை" என்று நிர்வாகம் சொல்லும்போது, மண் எங்கே போனது என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும்.

தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமே சுரண்டிக் களை எடுப்பதை நெடுங்காலமாக ஊக்குவிப்பதில்லை. நல்ல முறை இதுதான். புளியாரை போன்ற மேலோட்டமாக வேர்விடும் மெல்லிய பூண்டுகளை விட்டுவைக்கலாம். அவை மழைத்துளியின் அடியை வாங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இலுக், கோரை மாதிரியான கெட்ட புல்லை முள்ளால் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மற்றதைப் பூத்து விதைக்கும் முன் கத்தியால் தரைக்கு மேல் அரிந்துவிட வேண்டும். பிடுங்கியதை வேர் மண்ணைத் தட்டிவிட்டு, சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட வேண்டும். கானில் தள்ளக் கூடாது. சவுக்குத் தழை, முருக்குத் தழை, கவ்வாத்துக் குச்சி எல்லாம் மலையிலேயே கிடந்தால் களையும் குறையும், ஈரமும் நிற்கும்.

இதில் எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அது கண்ணும் கையும் பழகிய வேலை. ஆனால் தோட்டக் கணக்கில் புல்வெட்டு இன்னும் "சில்லறை வேலை". கொழுந்து இல்லாத நாளில் கொடுக்கும் வேலை. வயதான தாய்மாரை ஒதுக்கிவிடும் வேலை. முதலில் இந்த நினைப்பு மாற வேண்டும்.

மருந்து அடித்த காலமும் தடை வந்த காலமும்

1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு ஆட்குறைப்புத்தான் கொள்கையாயிற்று. களை எடுக்கப் பத்துப் பேரை அனுப்புவதைவிட முதுகில் டாங்கியைக் கட்டி இரண்டு பேரை அனுப்புவது கம்பனிக்கு மலிவு. அந்த மலிவின் விலையை அடித்தவர்களும், அடித்தவர்களின் துணியைப் பீலியில் துவைத்த பெண்களும் கொடுத்தார்கள். கிராமக்சோன் என்று நாம் அறிந்த பராகுவாட் எத்தனை வீடுகளில் சாவைக் கொண்டுவந்தது என்பது நமக்குத் தெரியும். 2008 இல் தொடங்கிய படிப்படியான தடையால்தான் அது ஒழிந்தது.

பிறகு கிளைபோசேட். 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று வகைப்படுத்தியது. வேறு நாடுகளின் சில ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி இலங்கை அதே வருடம் அதைத் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2021 இல் உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே இரவில் நிறுத்தினார்கள். அந்த வருடம் முடியும் முன்பே முடிவை மாற்றினார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தில் எந்த முடிவையும் எடுக்கும் முன் களை எடுப்பவரைக் கூப்பிட்டுப் பேசியதாக நாம் அறியவில்லை. தடை வந்ததும் என்ன நடந்தது? மலை காடாயிற்று. அட்டை, பாம்பு, குளவி பெருகின. கொழுந்து எடுக்கக் கால் வைக்க இடம் இல்லை. ஆனாலும் கையால் களை எடுக்க ஆள் போடப்படவில்லை. "காசு இல்லை" என்றார்கள். 2021 இல் உரம் இல்லாமல் கொழுந்து குறைந்தது. அதே வருடம்தான் சம்பளச் சபை மூலம் 1000 ரூபா வந்தது. அதைச் சாக்காக வைத்துப் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று அளவை ஏற்றினார்கள். செடியில் கொழுந்து குறைய, கணக்கில் கிலோ ஏறியது. அரைப் பேர் விழுந்தது நமது வீட்டில்.

ஆகவே "இயற்கை முறை" என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கை தட்டவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம். நாம் நஞ்சுக்கு எதிரானவர்கள். நமது நுரையீரலும் நமது பிள்ளைகளின் குடிநீரும் அதில் இருக்கின்றன. இதல்கஸ்ஹின்ன போன்ற இடங்களில் 1980களின் கடைசியிலேயே இயற்கை முறைத் தேயிலை தொடங்கியது. அது முடியாத காரியம் இல்லை. ஆனால் மருந்துப் போத்தல் செய்த வேலையை இனி யாருடைய முதுகு செய்யப்போகிறது, அதற்கு என்ன கூலி என்று பேசாமல் மாறினால், அந்த மாற்றத்தின் செலவு முழுவதும் நம் தலையில் விழும்.

சில தோழர்கள் கேட்கலாம்: "மருந்து அடிப்பதுதானே சுலபம்? குனிந்து நிமிர்ந்து சாக வேண்டுமா?" இதையும் தள்ளிவிட முடியாது. நாள் முழுக்கக் குனிந்து புல் வெட்டிய பெண்ணின் இடுப்புக்கு இரவில் தூக்கம் கிடையாது. அதனால்தான் கருவியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கையால் களை எடுப்பது கௌரவமான வேலையாக இருக்க வேண்டுமானால், இடுப்பை ஒடிக்காத கருவி வேண்டும், நியாயமான அளவு வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை என்று கைவிரிக்கும் தோட்டங்களில், களை எடுப்பு ஆறு நாள் வேலையைத் திரும்பத் தரவும் கூடும்.

கருவி யாருடையது?

தோட்டத்துக்குத் தோட்டம் இது வேறுபடுகிறது. சில இடங்களில் ஸ்டோரில் இருந்து கத்தியும் சொரண்டியும் கொடுக்கிறார்கள். சில இடங்களில் கொடுப்பதில்லை, பிரட்டுக்களத்துக்குக் கருவி இல்லாமல் வந்தால் வேலையும் இல்லை. தொழிலாளி கடையில் வாங்குகிறார், கைப்பிடி அவரே போடுகிறார், அரம் அவரே வாங்கித் தீட்டுகிறார். கொடுக்கும் இடத்திலும் ஒரே அளவுதான். ஐந்தடி ஆணுக்கும் நாலரை அடி அம்மாவுக்கும் ஒரே கைப்பிடி.

கொழுந்துக் கம்பனி தன் ஆலையின் உருளையைத் தொழிலாளியின் காசில் வாங்குவதில்லை. அப்படியானால் மலையில் ஓடும் சொரண்டியை மட்டும் ஏன் நம் காசில் வாங்க வேண்டும்? சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. கருவிக்காசு என்று உங்கள் சம்பளத் துண்டில் கழித்திருந்தால் அந்தத் துண்டைக் கிழித்துப் போடாமல் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். கத்தி பட்டோ, வழுக்கி விழுந்தோ காயம் வந்தால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலை நேரத்தில் நடந்தது என்று அன்றைக்கே பதிவு செய்ய வேண்டும். "வீட்டில் வெட்டியது" என்று எழுத விடாதீர்கள்.

முன்பு வேலை அளவு பற்றிய பேச்சுக்குக் கூட்டு ஒப்பந்தம் என்ற மேசை இருந்தது. 2021 இல் கம்பனிகள் அதிலிருந்து எழுந்து போய்விட்டன. சம்பளத்தை வர்த்தமானி சொல்கிறது. ஒரு பேருக்கு எவ்வளவு புல் வெட்ட வேண்டும் என்பதை வர்த்தமானி சொல்வதில்லை. அதைக் காலையில் பிரட்டில் நிர்வாகம் சொல்கிறது. 2024 இல் 1350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று வாங்கியதை, புல்வெட்டு அளவைக் கூட்டிப் பாதியாக்க நிர்வாகத்தால் முடியும். மூன்று மாதம் கைபடாத மலையும் போன மாதம் வெட்டிய மலையும் ஒன்றாகுமா? இரண்டுக்கும் ஒரே அளவு சொல்வது நியாயமா?

நமது பாத்தி

இனி வீட்டுத் தோட்டம். "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பார்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சியும் கரட்டும் லீக்ஸும் போடும் நமது குடும்பங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருக்கடி வருடங்களில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பாத்திதான் சோற்றுக்குக் கறி தந்தது.

2022 ஜூனில் அரசாங்கம், அரச ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை, நிலமும் இல்லை. நமக்கு வீட்டோடு ஏழு பேர்ச் என்று பேசுகிறார்கள். அதுவும் எல்லோருக்கும் கிடைத்த பாடில்லை. கிடைத்த இடத்திலும் வீடும் வாசலும் போக எத்தனை பாத்தி மிஞ்சும்? பயிரிடாமல் கிடக்கும் தோட்ட நிலம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். நாம்தானே அதன் பக்கமாக நடந்து வேலைக்குப் போகிறோம்.

நிலத்துக்கான போராட்டம் தொடரட்டும். அதற்கிடையில் நம் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கருவிப் பெட்டி. ஒரு மண்வெட்டி, ஒரு முள், இரண்டு கைக்கொத்து, ஒரு கத்தி, ஒரு அரம். மாதர் சங்கம் பொறுப்பெடுத்து, எழுதிக் கொடுத்து, எழுதி வாங்கினால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அடுப்புச் சாம்பல், மாட்டெரு, கொழுந்துக் குப்பை, பிடுங்கிய களை எல்லாம் ஒரு குழியில் போட்டால் உரத்துக்குக் கடைக்குப் போவதும் குறையும். விதைத்த களையை மட்டும் குழியில் போடாதீர்கள், பாத்திக்கே திரும்பி வரும்.

நாம் கேட்க வேண்டியவை

தோட்டக் கமிட்டிகளில் பேசி, தலைவர்மார் மூலம் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டியவை என்று நாம் கருதுவன இவை.

1. புல்வெட்டுக்கான எல்லாக் கருவியும் தோட்டச் செலவில். மழுங்கினால், கைப்பிடி உடைந்தால் மாற்றித் தருவதும் தோட்டச் செலவில். தீட்டும் நேரம் வேலை நேரம்.

2. ஆளுக்கேற்ற கைப்பிடி. நிரைக்கு நடுவே நெஞ்சளவு நீளக் கைப்பிடி, செடியின் அடிக்குச் சிறு கைக்கொத்து. வாங்கும் முன் களை எடுக்கும் பெண்கள் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கையுறையும் காலுக்குச் சப்பாத்தும் கருவியோடு சேர்ந்தவை.

3. புல்லின் நிலையைப் பார்த்து வேலை அளவு. மலையைப் பார்க்காமல் பிரட்டில் அளவு சொல்லக் கூடாது. தொழிலாளர் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும்.

4. ஒரு மலையை இயற்கை முறைக்கு மாற்றினால், விளைச்சல் குறையும் வருடங்களில் கொழுந்து கிலோவையும் குறைக்க வேண்டும். அந்தத் தேயிலைக்குக் கூடுதல் விலை வந்தால் அதில் நமக்கும் பங்கு வேண்டும்.

5. மருந்து அடிக்கும் மலைகளில் என்ன மருந்து, எப்போது அடித்தது என்று தமிழில் பலகை. அடிப்பவருக்கு முழுப் பாதுகாப்பு உடை, தோட்டத்திலேயே குளிக்கவும் உடை கழுவவும் வசதி.

இவற்றில் முதல் மூன்றுக்கும் கொழும்பில் பேச்சுவார்த்தை நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தோட்டத்துக்குள்ளேயே பேசலாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தான் பிடிக்கும் சொரண்டியைக் கொண்டுவாருங்கள். யார் வாங்கியது, என்ன விலை, எத்தனை முறை கைப்பிடி மாற்றியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தலைவர் நிர்வாகத்தின் முன் உட்காரும்போது அந்தக் கொப்பி அவர் கையில் இருக்கட்டும்.